விழுந்த இடமும் வைத்த இடமும்

குவிந்து கிடந்த பையன்களை ஒவ்வொருவராக எழுப்பிவிட்டு, நடுவர் சற்று யோசித்து, பந்தைத் தன் சப்பாத்து நுனிக்கு நேரே வைத்தார். தூரத்தை அளக்கிற சங்கிலி எவ்வளவு சரியாக இருந்தென்ன, இவர் வைத்த இடமே பிழையென்றால்? அந்தக் கேள்வி எனக்குள் முதலில் எழுந்தது அப்போதுதான். எனக்கு ஒன்பது வயது.

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகர்ப்பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள பூங்காவில் அண்ணையின் பள்ளிக்கூட அணி ஆடிய புட்போல் அது. முட்டை வடிவப் பந்தைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். மூன்று முயற்சிக்குள் பத்து யார், அதாவது பத்துக் கெஜ தூரம் முன்னேறினால் மறுபடியும் மூன்று முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அந்தத் தூரத்தை இரண்டு தடிகளுக்கு நடுவே கட்டிய சங்கிலி காட்டும். அதைப் பிடிக்கச் சொந்த மைதானத்தில் ஆடுகிற அணியின் பெற்றோர்தான் வரவேண்டும். பிடிக்கிறவர்கள் கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது, தீர்ப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாது. பேசாமல் நிற்கிற வேலை என்றதும் எல்லாரும் அப்பாவைக் கைகாட்டிவிட்டார்கள். துறைமுகத்தில் வேலை முடிந்த உடுப்போடேயே வந்து, எட்டவேண்டிய இடத்தைக் காட்டும் முன்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அன்று வென்றால்தான் இறுதிப்போட்டி. அண்ணைக்கு அது பள்ளியில் கடைசி வருடம். மூன்றாவது முயற்சியில் பந்து அண்ணையின் கையில். அப்பா நின்ற பக்கமாகவே ஓடி வந்தார். தடிக்கு நேரே வந்ததும் மூன்று பேர் பிடித்துப் பின்னுக்குத் தள்ளி விழுத்தினார்கள். அப்படித் தள்ளினாலும் பந்து முன்னே எட்டிய இடம்தான் கணக்கு. நடுவர் தூரத்திலிருந்து ஓடி வந்தார். அவர் பந்தை வைத்த பிறகு சங்கிலியை உள்ளே கொண்டுபோனார்கள். மழையில் ஊறிய புல்லில் அப்பா சங்கிலியை இறுக்கி இழுத்துத் தடியை ஊன்றினார். ஒரு விரல் குறைவு.

வேலியோரம் நின்ற இன்னொரு பையனின் தகப்பன் அப்பாவைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் எந்த ரீமுக்குச் சங்கிலி பிடிக்கிறியள்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அப்பா தடியைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனார்.

அண்ணையின் அணி தோற்றது. அன்றிரவு அண்ணை சாப்பிட வரவில்லை. அம்மா கூப்பிட்டுக் களைத்துப்போய்ச் சாப்பாட்டை மூடி வைத்தார். பிறகு அண்ணையே குசினி வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் தளர விட்டிருந்தா என்னப்பா குறைஞ்சிருக்கும்?"

"சங்கிலியை இழுத்துத்தான் பிடிக்கோணும்."

"நான் அந்த இடத்தைத் தாண்டினனான்."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அண்ணை எந்த ஆட்டத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை, பல்கலைக்கழக அணிக்கு ஆடியபோதும்.

மகனின் சொல்லை நம்பாததால்தான் அவர் பேசாமல் இருந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தத் தடிக்கு நேரே கண்ணை வைத்து நின்ற ஒரே மனிதர் அவர்தான் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அண்ணை தாண்டியிருந்தால், அதைச் சரியாகக் கண்டவரும் அவர் ஒருவர்தான்.

இப்போது நான் பொறியியல் படிக்கிறேன். வருகிற சனிக்கிழமை அதே பூங்காவில் கமரா பூட்டி, அண்ணையை ஓடி விழச் சொல்லப்போகிறேன். என் சிநேகிதர்கள் நடுவர்களாக நின்று பந்தை வைப்பார்கள். விழுந்த இடத்துக்கும் வைத்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு தடவையும் அளக்கவேண்டும். அண்ணை ஓமென்று சொல்லிவிட்டார். முன்தடியைப் பிடிக்க அப்பாவும் வருகிறார். அளந்து முடிந்ததும், அண்ணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அன்றைக்கு என்ன கண்டீர்கள் என்று அவரைக் கேட்கப்போகிறேன்.