எட்டாவது மாட்டு வண்டி

1. எங்கள் பாத்திரக் கடைச் சுவரில், நூறு வருடங்களுக்கு முந்தைய இதே பெரிய கடை வீதியை வரையச் சொன்னார் பெரியப்பா.
2. பெயிண்டர் அண்ணன் ஒரு மாதம் வரைந்தார்.
3. ஆண்கள் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில் கல்யாணமாகாத அத்தை கடையைப் பார்த்துக்கொண்டாள்.
4. படத்தில் இருந்தவற்றை நான் எண்ணி நோட்டில் எழுதினேன். குதிரை வண்டி மூன்று, மாட்டு வண்டி ஏழு.
5. அத்தையைக் கண்டுபிடித்தது நான்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. படம் முடிந்த அன்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வீதியில் போகிறவர்களின் முகங்களையே படத்தில் வைத்திருந்தார் அண்ணன். ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தேடினார்.

“ஏனுங்க, என்னையப் போய் வண்டிக்காரனா போட்டுட்டீங்களே?” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

“உங்க மீசைக்கு அதுதானுங்க பொருத்தம்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு முகம் கண்டுபிடிக்க வேண்டும் போலிருந்தது. படத்தில் வளையல் கடை முன்னால், விரல் உயரத்தில் இரண்டு பேர். அவள் கையை நீட்டியிருந்தாள். அவன் வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான்.

“பெரியப்பா, இதா பாருங்க, நம்ம அத்தை! பக்கத்துல பெயிண்டர் அண்ணன்!”

சிரிப்பு நின்றது. அத்தை கையிலிருந்த சொம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மணி, நீ ஊட்டுக்குப் போ,” என்றார் பெரியப்பா அவளிடம். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். “நாளைக்கு வந்து அந்த எடத்துல ஒரு மாட்டு வண்டி போட்டுக் குடுத்துருங்க.” குரல் உயரவில்லை. ‘ங்க’ கூடக் குறையவில்லை.

மறுநாள் அண்ணன் வந்தார். மற்ற வண்டிகளைத் தலா ஒரு மணி நேரத்தில் முடித்தவர், இந்த ஒன்றுக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவர் பின்னாலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்.

“ஏனுங்ண்ணா இத்தன நேரம்?” என்று கேட்டேன்.

“மாடு நகர மாட்டேங்குது, கண்ணு.”

நான் அதை நம்பினேன். முதலில் அவளை மூடினார், கடைசியில் தன்னை. நோட்டில் ஏழை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். கணக்கைச் சரியாக வைத்திருப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அத்தை ஏன் என்னோடு பேசவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை.

இரண்டே மாதத்தில் பெருந்துறையில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வீதிக்கு வரவில்லை.

நான் இப்போது பீளமேட்டில் ஒரு ஐடி கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன். படம் இன்னும் சுவரில் இருக்கிறது. அத்தை கடைக்கு வந்தால் அதற்கு முதுகு காட்டி உட்காருவாள். மாட்டு வண்டிகள் எட்டு. நான் இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.