வரிப் படிவத்தில் இடது கைக் கையெழுத்து

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கக் கையும் காலும் விழுந்த பிறகு, மாதாமாதம் ஒரு காப்புறுதிக் கம்பனி எங்கள் வங்கிக் கணக்கில் காசு போட்டது. சிட்னியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்த காலத்தில், வருத்தம் வந்து சம்பளம் நின்றால் உதவும் என்று அவர் எடுத்து வைத்த காப்புறுதி அது. வீட்டுக் கடனும் பிசியோ பயிற்சிக்குப் போய்வரும் செலவும் அந்தக் காசில்தான் ஓடின. அது நின்றால் டூங்கபியில் நாங்கள் இருந்த வீட்டை விற்க வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, காசு விழும் நாளில் எனக்குச் சந்தோஷம் வந்ததில்லை. இவர்கள் ஏன் இப்படித் தருகிறார்கள், எதைச் சாட்டி நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் யோசிப்பேன்.

ஜூலை மாதம் கம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவரை தந்த மொத்தத் தொகையையும் போட்டு, இதை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அகராதியைப் பக்கத்தில் வைத்து மூன்று தரம் வாசித்தேன். விளங்க விளங்கச் சந்தேகம் கூடியது. காசு தருகிறவன் எதற்காக வரிக்காரனிடம் சொல்லச் சொல்கிறான்? இரண்டு பகுதியும் ஒரே மேசையில் இருந்து எங்களைப் பற்றிக் கதைக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

கோயிலில் தெரிந்த ஒரு பெண்ணிடம், வேறு யாருக்கோ என்பது போலக் கேட்டுப் பார்த்தேன். தன் தமையனுக்குக் கால் போனபோது மொத்தமாகக் கிடைத்த காசுக்கு ஒரு சதம்கூட வரி இல்லை என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன். மொத்தமாக வருவது வேறு, சம்பளத்துக்குப் பதிலாக மாதாமாதம் வருவது வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

எங்கள் பகுதித் தமிழருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணை. காசு வாங்கமாட்டார். ஆட்கள் மாம்பழப் பெட்டியோடு போவார்கள். சனிக்கிழமைகளில் அவர் சாப்பாட்டு மேசையில் இருப்பார், நாங்கள் சுவரோரக் கதிரைகளில் காத்திருப்போம். ஒருவருடைய சம்பளமும் கடனும் மற்ற எல்லாருடைய காதிலும் விழும். விழாத மாதிரிப் பழைய பத்திரிகையைப் புரட்டுவதுதான் அங்கே மரியாதை. என் கணவருக்கு இடுப்பில் நாரி நோ என்றுதான் நான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அன்று பக்கத்துக் கதிரையில் இருந்தவரோ, எங்கள் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவர். கடிதம் என் கைப்பையில் இருந்தது.

"வேறை வருமானம் ஏதும் இருக்கோ, தங்கச்சி?" என்று அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "மனுசன் வேலைக்குப் போகேல்லை எண்டால், வீட்டுக் கடன் என்னெண்டு போகுது?"

பத்திரிகை புரளும் சத்தம் நின்றது. சேமிப்பில் போகிறது என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் நிரப்பி முடித்து, கணவரிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போடும்படி தந்தார். வருத்தம் வருமுன் அவர் உழைத்த அரை வருடச் சம்பளம் மட்டும் காட்டியதால், கட்டிய வரியில் நல்ல தொகை திரும்பி வருமாம்.

என் கணவர் களஞ்சியத்தில் இருபது வருடம், பெட்டிகளை எண்ணாமல் ஒரு துண்டுச் சீட்டிலும் கையெழுத்து வைக்காதவர். இடது கை விரலை வரி வரியாக வைத்துப் படிவத்தைப் படித்தார். வாய் இழுத்தபடி, "கம்பனிக் காசு... எங்கை?" என்றார்.

"வருத்தக் காசுக்கு வரி இல்லையாம்."

"ஆர்... சொன்னது?"

"கோயிலிலை சொன்னவை."

அவருடைய வாயின் ஒரு பக்கம் சிரித்தது. "கோயில் எப்ப... வரி ஒஃபிஸ் ஆனது?" என்று சொல்லிப் படிவத்தைத் தள்ளிவிட்டார்.

நான் குசினிக்குள் போய், அவருடைய பழைய கையெழுத்தை நானே போட்டேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்களில் அவருக்காகப் போட்டுப் பழகிய கை. அச்சாக வந்தது. உறையில் வைத்து ஒட்டிய பிறகுதான் மற்றக் கையெழுத்து ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மாதமும் கம்பனிப் பத்திரத்தில் அவர் இடது கையால் வைக்கும் கையெழுத்து, மையில் விழுந்த எறும்பு ஊர்ந்து போன மாதிரி இருக்கும். வரிக்காரரும் கம்பனிக்காரரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? கை சுகமாகிவிட்டது என்று சொல்லி ஒரேயடியாகக் காசை நிறுத்திவிடுவார்களே. மூன்று நாள் அந்த உறையோடு தபால் பெட்டி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். தபால்காரன் என்னை ஒருமாதிரிப் பார்த்ததாகக்கூட நினைத்தேன்.

நான்காம் நாள் உறையைப் பிரித்துப் படிவத்தைக் கிழித்தேன். பாதியை வீட்டுக் குப்பையிலும் பாதியை ஸ்டேஷன் குப்பைத் தொட்டியிலும் போட்டுவிட்டு, அண்ணை வீட்டுக்கு நடந்தேன். அது வேலை நாள். கதிரைகள் வெறுமையாக இருந்தன. யாரிடமும் சொல்லக்கூடாது என்று முதலில் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, பாரிசவாதத்தையும் வலக்கை விளங்காததையும் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன்.

படித்து முடித்து, "இதை அண்டைக்கே தந்திருக்கலாமே," என்றார்.

"அண்டைக்குக் கதிரையெல்லாம் ஆக்கள், அண்ணை."

அவர் சுவரோரம் பார்த்தார். பிறகு, சம்பளத்துக்குப் பதிலாக வரும் காசென்றால் அதுவும் வருமானம்தான், திரும்பி வருவது ஒன்றும் இல்லை, நாங்கள்தான் கட்ட வேண்டிவரும் என்று சொன்னார். காப்புறுதிக்கு நாங்கள் கட்டிவந்த தவணைப் பணத்தைக் கழிக்கலாம், அந்த ரசீதுத் துண்டு இருந்தால் கொண்டுவரச் சொன்னார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொல்கிறாரோ என்று நினைத்து, இன்னொரு தரம் கணக்குப் பார்க்கச் சொன்னேன். கோபிக்காமல் பார்த்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, "இடது கையாலை கீறினாலும் அது அவரின்ரை கையெழுத்துத்தான்," என்றார். "அவருக்காக வேறை ஆரும் போட்டால்தான் பிழை." கிழித்த தாளைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. ஊகித்துச் சொன்னாரா, எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னாரா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அண்ணை நிரப்பித் தந்த புதிய படிவத்தையும் கணவர் விரலை வைத்துப் படித்தார். கம்பனிக் காசு இருந்த இடத்தில் விரல் நின்றது. தலையாட்டினார். பேனையை இடது கையில் பிடித்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். அது கோட்டைத் தாண்டி, அச்சடித்த எழுத்துகளுக்கு மேலே ஏறியது.

"இன்னொரு தாள் வாங்கியாறன், வடிவாப் போடுங்கோவன். இதைப் பாத்தால் நம்பமாட்டினம்," என்றேன்.

அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"முந்தி... நீர் போட்டது... வடிவாத்தானே இருந்தது," என்றார்.

நான் அவருடைய கையெழுத்தைப் போட்ட அன்று, குசினி வாசல் வரை வந்த அவருடைய ஊன்றுகோலின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் அந்தத் தாளை மடித்து உறையில் வைத்தேன்.