பை அறை ஆறு மணிக்கு

டோக்கனம்மா வேலை பார்ப்பது உலகத்துக்கே தெரிந்த இடத்தில். காலண்டரில் அந்தக் கல் மண்டபம் இருக்கும், பிஸ்கட் டப்பா மூடியில் இருக்கும், பல் டாக்டரின் காத்திருப்பு அறைச் சுவரில்கூட இருக்கும். பார்த்தால் சூரிய உதயத்தில் பார்க்க வேண்டும் என்பார்கள். கிழக்கு வளைவு வழியாக வெளிச்சம் நுழைந்து, கல் முழுவதும் இளஞ்சிவப்பாகி, கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அது வெறும் பெரிய கட்டடம்தான், நடந்தால் கால் சுடும்.

இப்போது நேரத்தைக் கவனியுங்கள். வாசல் கதவு ஐந்தரைக்குத் திறக்கும். சூரியன் ஆறுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், பை அறையில் வைத்து டோக்கனம்மாவிடம் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பை அறை ஆறு மணிக்குத் திறக்கும். இப்படி யோசித்து எழுதிய மகராசன் யார் என்று டோக்கனம்மா பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறாள். கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள்.

ஓட்டலில் பையை வைத்துவிட்டுக் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முதுகில் மூட்டையோடு ராத்திரி பஸ்ஸில் வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். வரிசையில் முதல் ஆளாக நிற்பார்கள். காவலாளி பையைப் பார்த்துவிட்டு "அங்கே" என்று கை நீட்டுவார். மூச்சிரைக்க ஓடி வந்தால் மூடிய கதவு, கதவுக்கு முன்னால் இவள். சாவி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பிறகு ஏன் திறக்கவில்லை என்பார்கள். அங்கேதான் இன்னொரு கூத்து. எப்போதோ ஒருத்தர் பை காணோம் என்று ஊரைக் கூட்டினார். மறுநாள் அது அவர் வந்த பஸ்ஸின் கூரையிலேயே கிடைத்தது. பை கிடைத்தாலும் அவரால் வந்த இரட்டைப் பூட்டு போகவில்லை. ஒரு சாவி இவளிடம், இன்னொன்று மேற்பார்வையாளரிடம். அவர் ஆறு மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

இதை எத்தனை பாஷையில் எத்தனை பேருக்கு விளக்குவது? பாஷை புரியாவிட்டாலும் திட்டுவது புரியும். திட்டுகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். திட்டாமல் பையின் மேலேயே உட்கார்ந்து, வானம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைத்தான் அவளால் தாங்க முடியாது. வருஷத்துக்கு ஒரு மனு எழுதினாள். பை அறையை ஐந்து மணிக்குத் திறக்க அனுமதியுங்கள், நான் வரத் தயார், கூடுதல் சம்பளம்கூட வேண்டாம் என்று. பதினொரு மனுவும் கிணற்றில் போட்ட கல்.

இந்த லட்சணத்தில் மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை ஊர் சுற்றுகிறவராக வாய்த்தார். தங்கமான மனுஷர், ஆனால் சூட்கேஸ் என்றாலே ஆகாது. தன் முதுகில் ஒரு ஆளுயரப் பை, மகள் முதுகில் இன்னொன்று என்று புது ஜோடி பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தை உதயத்தில் பார்க்க வேண்டும், ஒரே ஒரு காலைதான் இருக்கிறது, ஒன்பது மணிக்கு அடுத்த பஸ் என்று மகள் போனில் சொன்னாள். வீட்டில் பையை வைத்துவிட்டு வரலாம் என்றால் வீடு ஊரின் மறுகோடியில். மண்டபத்தில் எல்லாமே எங்கம்மாதான் என்று மகள் மாப்பிள்ளையிடம் பெருமையடித்து வைத்திருந்தாள். டோக்கனம்மா சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கிறேன், நேராக வாருங்கள் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

மேற்பார்வையாளரிடம் பதினைந்து நாள் முன்பே சொல்லிவைத்தாள். ஒரு நாள்தானே, ஐந்து மணிக்கு டாண் என்று வந்து நிற்பேன் என்றார். முந்தின நாள் சாயங்காலமும் ஞாபகப்படுத்தினாள். தலையை நன்றாகவே ஆட்டினார்.

ஐந்து மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. ஐந்தேகாலுக்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. ஐந்தரைக்கு வாசல் திறந்து, பையில்லாதவர்கள் உள்ளே போக ஆரம்பித்தார்கள்.

"என்னம்மா, சாவி உங்கிட்டதானே இருக்கு?" என்றாள் மகள்.

பன்னிரண்டு வருஷமாக ஊர்பேர் தெரியாதவர்கள் கேட்ட அதே கேள்வி. அவர்களுக்குச் சொன்ன பதிலைச் சொந்த மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. மாப்பிள்ளை நிலைமையைப் புரிந்துகொண்டு, பரவாயில்லை அத்தை, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பரவாயில்லைதான் அவளுக்குச் சுருக்கென்றது. வெட்கமும் கோபமுமாக முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு பேரும் பையைக் கழட்டுங்க," என்றாள். "ஆறு மணிக்குத்தான் எனக்கு டியூட்டி. அதுவரைக்கும் நான் உங்களுக்கு அத்தை, இவளுக்கு அம்மா. எங்கிட்ட பையைக் குடுத்துட்டுப் போறதுக்கு எந்தப் பூட்டும் வேணாம்."

அவர்கள் ஓடினார்கள். பை அறைப் படியில் இரண்டு பைகளோடு அவள் நின்றாள். பக்கத்தில் காத்திருந்த ஒரு பெண் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தன் பையை மகள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டோக்கனம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் சொன்னது போதாதா என்று தோன்றியது. அறிவிப்புப் பலகைக்கு வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, பைக்கு முன்னால் தரையில் மூன்று என்று எழுதினாள். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் பேனாவால் அதே மூன்று. அவ்வளவுதான், வரிசை கட்டி வந்துவிட்டார்கள். ஆறு ஆவதற்குக் கால் மணி இருக்கும்போது படியிலும் நடைபாதையிலும் முப்பத்தேழு பைகள்.

ஆறேகால் மணி முதல் ஒவ்வொருவராக உள்ளங்கையை நீட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒரு பைகூட மாறவில்லை. சிலர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருத்தி கட்டிக்கொண்டே விட்டாள். மாப்பிள்ளை போனில் எடுத்த படங்களை வரிசையாகக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவளுக்கு வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். போனில் சார்ஜ் இல்லை, அலாரம் அடிக்கவில்லை என்றார். நடைபாதையில் மிச்சமிருந்த பைகளைப் படம் எடுக்க மட்டும் எங்கிருந்தோ சார்ஜ் வந்துவிட்டது.

அனுமதியின்றிப் பொது இடத்தில் பைகளைச் சேகரித்தது ஏன் என்று மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. டோக்கனம்மா மூன்று பக்கம் எழுதினாள். பன்னிரண்டு வருஷ வயிற்றெரிச்சலையும் அதில் கொட்டினாள். பையைச் சுமந்து வருகிறவன் மனுஷன் இல்லையா, கதவு ஒருவனுக்கு ஐந்தரைக்கும் இன்னொருவனுக்கு ஆறு மணிக்கும் திறக்கலாமா என்று கேட்டாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டாள்.

வேலை போகவில்லை. மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து உறை வந்தது. அவளுடைய பதினொரு மனுக்களின் தேதியும் வரிசையாகப் போட்டு, கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது என்று ஆரம்பித்திருந்தார்கள். அவசரமாக மேலே படித்தாள். பை வைத்திருப்போருக்கும் இல்லாதோருக்கும் இடையே நிலவிய பாகுபாடு களையப்படுகிறது. வரும் ஒன்றாம் தேதி முதல் நுழைவாயிலும் காலை ஆறு மணிக்கே திறக்கப்படும்.

இரண்டாம் தடவை படித்தும் அதேதான் இருந்தது. மேற்பார்வையாளரிடம் ஓடினாள். நான் இதையா கேட்டேன் என்றாள்.

"விடாம எழுதி சாதிச்சுட்டீங்களேம்மா," என்றார் அவர். "நீங்க கேட்டது நியாயம்னு மேலேயே ஒத்துக்கிட்டாங்க. இன்னும் என்ன?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்கும் நேரமில்லை. உத்தரவின் நகலை வாசலில் ஒட்டும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. பை அறை ஊழியரின் தொடர் கோரிக்கையின் பேரில் என்ற வரி பெரிய எழுத்தில் இருந்தது.

ஒன்றாம் தேதி காலை பையுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வரிசையில், மூடிய வாசலுக்கு வெளியே நின்றார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் சூரியன் அதுபாட்டுக்கு வந்து ஏறியது. நோட்டீஸைப் படித்தவர்கள் பை அறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே மகள் போன் செய்தாள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆறு பேர் அடுத்த வாரம் பையும் கையுமாக வருகிறார்களாம். அத்தை இருக்கிறார்கள், கவலையே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"வரட்டும்," என்றாள் டோக்கனம்மா. "இப்பல்லாம் பை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். யாராலயும் பாக்க முடியாது."

ஏன் என்று மகள் கேட்டாள். உன் அம்மாதான் எழுதி வாங்கினாள் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறவர்கள் வாசலிலேயே படித்துக்கொள்ளட்டும் என்று போனை வைத்துவிட்டாள்.