எத்தனை சொட்டு வேண்டும்?

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் டைப்பிங்கைவிட என் கண்கள்தான் ஊரில் பிரபலம். காலையில் எழுந்தால் இமைக்குள் யாரோ ஆற்று மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். தெருவில் இறங்கி ஏரிக்காற்று முகத்தில் பட்டால் போதும், இரண்டு கண்ணும் கொட்ட ஆரம்பித்துவிடும். கையில் கைக்குட்டையோடு நான் ஆபீசுக்குப் போவதைப் பார்த்து, எங்கள் வீட்டில் தினம் ஒரு சாவு விழுகிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. விளக்கெண்ணெய் விடச் சொன்னார்கள், விட்டேன். ஒரு மணி நேரம் கொடைக்கானல் முழுக்க எண்ணெயில் மிதந்தது. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். பூவோடு ஓர் எறும்பும் வந்திருந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண் இரக்கப்பட்டு ஒரு சங்கில் தாய்ப்பால் கொடுத்தனுப்பினாள். இருபத்தாறு வயதில், மீசை வைத்துக்கொண்டு, அதையும் வாங்கிக் கண்ணில் விட்டுக்கொண்டேன். குழந்தைக்கு ஒரு வேளைப் பால் குறைந்ததுதான் மிச்சம். பழனிக்குப் போய் வந்த ஆபீஸ் நண்பர் என் நெற்றியில் விபூதியைத் தாராளமாகப் பூசி, வாயால் ஊதியும் விட்டார். அதில் பாதி கண்ணுக்குள் போனது. எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச பக்தியும் அன்றோடு ஆட்டம் கண்டது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தை விட்டார். மையொற்றும் தாள் போன்ற ஒன்றைச் சின்னப் பட்டையாக நறுக்கி, கீழ் இமையில் மாட்டித் தொங்கவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் தாளின் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

"உங்க கண்ணு காஞ்சு கெடக்கு," என்றார்.

"டாக்டர், வர்ற வழியெல்லாம் நான் அழுதுக்கிட்டே வந்தேன்."

"அதான் சொல்றேன். கண்ணுல எப்பவும் இருக்க வேண்டிய ஈரம் உங்களுக்குக் கம்மி. காஞ்சா உறுத்தும். உறுத்துனா கண்ணு பயந்துபோயி ஒரேயடியா கொட்டிரும். அது கன்னத்துக்குத்தான் போகும், கண்ணுக்கு ஒதவாது."

ஆபீசில் எப்படி டைப் அடிப்பேன் என்று கேட்டார். மேஜைமேல் விரலை வைத்து அடித்துக் காட்டினேன். "ஒரு தடவகூட கண்ணச் சிமிட்டலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலு வரிக்கு ஒரு தடவை நன்றாக மூடித் திறக்க வேண்டும். காலையும் மாலையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைக்க வேண்டும். கணப்பு அடுப்புக்கு எதிரே உட்காரக் கூடாது. காற்றில் போனால் கண்ணாடி போட வேண்டும். ஒரு சின்னப் புட்டியில் சொட்டு மருந்தும் தந்தார். இது அடியோடு போகாது, பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார்.

இதற்குள் வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா, கன்னிவாடியில் எனக்கு ஒரு பெண் பார்த்துவிட்டாள். பெண் பார்க்கப் போகிற அன்று முதல் காரியமாக என் கண்ணாடியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் பார்வை மட்டு என்று நினைத்துவிடுவார்களாம். நானும் மண்டையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கன்னிவாடியில் இறங்கும்போது என் கண்கள் மிளகாய்ப் பழமாக இருந்தன, தண்ணீர் தாடை வரை இறங்கியிருந்தது. போதாததற்கு அந்த வீட்டில் எங்களுக்காகச் சாம்பிராணி வேறு போட்டிருந்தார்கள்.

பெண் காபி கொண்டுவந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு நேராகப் போய் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக் கொல்லைப்புறம் வைத்தாள். திரும்பி வந்து என் முதுகுப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். இத்தனை வருஷத்தில் என் கண்ணில் எதையும் ஊற்றாமல் உதவிய முதல் ஆள் அவள்தான். எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

அவள் அப்பா வேறு தீர்மானத்தில் இருந்தார். அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. மலைமேல் துரைமார்கள் பர்மிட்டில் குடிக்கிறார்கள், மிச்சத்தை அவர்களிடம் வேலை பார்க்கிறவர்கள் கவிழ்த்துக்கொள்கிறார்கள் என்பது கீழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த அதிகபட்ச போதை கோக்கோதான். அதை யாரிடம் சொல்வது? அக்காவைத் தனியே கூப்பிட்டு அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"தம்பிக்கு வெள்ளைக்காரன்கிட்ட சோலி. கண்ணு ரத்தமாக் கெடக்கு. எனக்குப் புரியாதாம்மா?"

"அய்யோ, அவனுக்குக் கண்ணு காஞ்சு போச்சுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

"காஞ்ச கண்ணுல இம்புட்டுத் தண்ணியா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்மா."

அக்கா விடாமல் மன்றாடியதில் ஒரு வழிக்கு வந்தார். வருகிற கார்த்திகைக்கு அவர்கள் குடும்பத்தோடு பழனிக்குப் போகிறார்கள். மலைமேல் சந்நிதி பார்த்து, கற்பூரம் அணைத்து, குடிப்பதில்லை என்று நான் சத்தியம் செய்தால் யோசிப்பார். முருகனுக்கு இருக்கிற வேலை போதாதென்று என் கண்ணும் சேர்ந்தது.

இடையில் மூன்று வாரம் இருந்தது. டாக்டரம்மா சொன்னதில் ஒன்று விடாமல் செய்தேன். ஆபீசில் நான் சிமிட்டிய சிமிட்டில், எதிர் மேஜை டீச்சரம்மா வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வெந்நீர்த் துணி, சொட்டு மருந்து, கண்ணாடி என்று ஒழுங்காக இருந்ததில் கண் வெளுத்துத் தெளிந்தது. பழனி மலை ஏறியபோது என் கண்கள் விளம்பரத்துக்கு நிற்கிறவன் கண்களைப்போல் இருந்தன.

அன்று கற்பூரம் ஆடாமல் நேராக நின்று எரிந்தது. கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். சுற்றிலும் அரோகரா போட்டபடி அத்தனை பேரும் உருகி வழிந்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கும் தாரை தாரையாக ஓடியது. துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தவர் முகம் சுண்டிப்போனது.

"முருகன் முன்னாடி நின்னு ஒரு சொட்டு வரலையேங்க. இந்தக் கல்லுகிட்டயா எம் பிள்ளைய ஒப்படைக்கிறது?"

எனக்கு வந்ததே கோபம். "அன்னிக்கு வந்துச்சு, குடிகாரன்னீங்க. இன்னிக்கு வரல, கல்லுங்கிறீங்க. உங்களுக்கு எத்தனை சொட்டு வேணும்னு சொல்லிருங்க, அளந்து கொண்டாறேன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. எல்லாம் போயிற்று, இனி கன்னிவாடிப் பக்கம் தலைகாட்ட முடியாது. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. பெண் அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கோயில்ல என்ன இளிப்பு?" என்று அப்பா திரும்பினார்.

"அவருக்குக் கண்ணுல நோவுப்பா. புகைய எடுத்து அங்கிட்டு வச்சதும் அன்னிக்குக் கொறஞ்சுச்சு, நாந்தான் பாத்தேனே. எனக்குச் சம்மதம்னு அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லியாச்சு."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கோபுரத்தைப் பார்த்தார். பிறகு அப்பா, "சரி, வாங்க, வெரசா எறங்குவோம், வெயில் ஏறுது," என்றார். பத்துப் படிகூட இறங்கியிருக்க மாட்டோம், எனக்குக் கண் நிறைந்து கொட்ட ஆரம்பித்தது. எவ்வளவு சிமிட்டியும் நிற்கவில்லை. மருந்தை எடுக்கவும் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்து மலைப்பக்கமாக நகர்த்தி, தான் வெளிப்பக்கம் வந்துகொண்டார்.

"காத்து அடிக்குது மாப்ள. இப்படி வாங்க," என்று தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

அன்று காற்றே இல்லை. நான் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்தபடியே இறங்கினேன்.