வாள் பெட்டிகளுக்கு வைத்த பொட்டு

இல்-பிசார் தீவில் ஒரு கிழவருடைய வீட்டைப் பதினொரு வருசமாய் நான்தான் துடைச்சு வந்தேன். பிரெஞ்சு கதைக்கிற வெள்ளைக்காரர். பழைய யப்பான் பட்டாளத்து வாள்கள் சேர்க்கிறது அவருக்கு ஒரு பைத்தியம். வாள்கள் கண்ணாடி அலுமாரிக்குள்ளே, பூட்டுப் போட்டு. அதுகளின்ரை நீளப் பெட்டிகள் கீழே வரிசையாய்க் கிடக்கும். வார்னிஷ் காணாத வெளிறின மரம், தூக்கினால் முருங்கைக் கட்டை மாதிரிப் பாரமே இல்லை. மூடியில் கறுப்பு மையில் ஏதோ எழுத்து. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், அதை ஆர் கண்டது.

போன ஆயுத பூசை வேலை நாளில் வந்தது. வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், தையல் மெசின் எல்லாத்துக்கும் பொட்டு வைச்சுப்போட்டுத்தான் பஸ் ஏறினேன். அங்கே அத்தனை வாளும் வெறுமனே நிற்கிறதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. பூட்டைத் தொட எனக்கு உரிமை இல்லை. வாளுக்கு வீடு பெட்டிதானே என்று, கைப்பையில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைச்சு ஆறு மூடியிலும் வைச்சேன், எழுத்தில் படாமல்.

வெறும் மரம், பொட்டைக் குடிச்சுப்போட்டுது.

கிழவர் வந்து குனிஞ்சு விரலால் தேய்ச்சார். போகவில்லை. "சால்!" என்று கத்தினார். ஊத்தையாம். பிரெஞ்சில் நான் முதல் படிச்ச சொல்லே அதுதான். ஊத்தை துடைச்சுச் சீவிக்கிறவளுக்கு அது விளங்காதா?

மகளுக்கு ஃபோன் எடுத்து, இரண்டு பக்கத்துக்கும் மாத்திச் சொல்லச் சொன்னேன்.

"அம்மா, பெட்டி கெட்டால் வாளுக்கும் மதிப்பில்லையாம். ஊத்தையாக்கினது பிழை எண்டு சொல்லட்டாம், வேலையிலை வைச்சிருப்பாராம். சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"கேளாமல் தொட்டது பிழை. அதைச் சொல்லு. ஊத்தை எண்டு என்ரை வாயாலை வராது."

"எழுபது வயசிலை உங்களுக்கு ஆரம்மா வேறை வேலை தருவினம்?"

"உனக்குப் பயமெண்டால் ஃபோனை வை. நானே சொல்லுறன்."

அவரைப் பார்த்து, "பா சால், முசியே," என்றேன். ஊத்தை இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் கதவைக் காட்டினார். வாளித் தண்ணியை ஊற்றி, துணியைப் பிழிஞ்சு காயப் போட்டு, அவற்றை வீட்டுத் திறப்பை மேசையில் வைச்சுவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். அரைகுறையாய் விட்டிட்டு வாறது என் பழக்கமில்லை. அந்தத் தீவில் பஸ் அது நினைச்சால்தான் வரும். நின்றேன்.

மற்றக் கிழமை மகள் சொன்னாள், கிழவர் திரும்ப வரச் சொல்லுறாராம், பெட்டிக் கதையை இனி ஒருத்தரும் எடுக்க வேண்டாமாம்.

"எடுக்கத்தான் வேணும்," என்றேன். "அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கட்டும், அடுத்த பஸ்ஸிலை வாறன்."

இன்னும் எடுக்கவில்லை. நான் பக்கத்து ஊர் லவாலில் துடைக்க வேறை வீடு பிடிச்சிட்டேன்.