பத்தொன்பதாவது கொழுக்கட்டை

போன வாரம் காந்திபுரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மோமோ விற்கிற தள்ளுவண்டிக்காரர் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். இஞ்சியும் பூண்டும் வெந்த மாவும் கலந்த ஆவி நேராக வந்து என் கண்ணாடியில் படிந்தது. ஊரே அந்த வண்டியை மொய்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். வயிறு தானாக இறுகிக்கொண்டது. தொண்ணூறுகளில் ஒரு மதியம் மிரண்ட வயிறு அது. மறதியெல்லாம் எனக்கு மூளைக்குத்தான், வயிற்றுக்கு இல்லை.

அப்போது நான் ஒரு சின்ன நூற்பாலையின் டைம் ஆபீசில் இருந்தேன். யார் வந்தார், யார் லீவு என்று எழுதுகிற வேலை. காதில் பேனா, முகத்தில் அதிகாரம், காலில் அறுந்த செருப்பு. சிங்காநல்லூரில் ஒற்றை அறை வாடகை வீடு. மனைவிக்கு ஏழாவது மாதம். அந்த வேலை போனால் எனக்குத் தெரிந்த அடுத்த தொழில் சும்மா இருப்பது. அதிலும் நான் அவ்வளவு கெட்டிக்காரனில்லை என்பாள் மனைவி.

முதலாளி காங்கேயத்துக்காரர். 'ங்க' போடாமல் அவர் பேசிக் கேட்டவர் யாருமில்லை. மில் வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட, கொஞ்சம் தள்ளிப் படுங்க என்பார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒருவரை வேலையை விட்டு அனுப்ப வாய் வருமா? வெறும் வயிற்றுக்காரனிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவனிடம் சொல்லவே கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். அதனால் ஆளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போவார். வயிறார உண்ணவைப்பார். கை கழுவிய பிறகு மெதுவாகச் சொல்வார்.

அதற்கென்று அவர் வைத்திருந்த இடம், ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கட்டடத்தின் அடியில் இருந்த சீனச் சாப்பாட்டுக் கடை. சைவ ஓட்டல்களில் மேஜைக்கு மேஜை தெரிந்த முகம் இருக்கும். இங்கே பட்டப்பகலிலும் இருட்டு. சிவப்பு விளக்கு, சுவரெல்லாம் நாக்கை நீட்டிய டிராகன். ஒரு ஆள் அழுதால் பக்கத்து மேஜைக்குத் தெரியாது. முதலில் எங்கள் ஸ்டோர் கீப்பர் போனார். அப்புறம் எலெக்ட்ரீசியன். அப்புறம் கேன்டீன்காரர், ஊருக்கே சோறு போட்டவரையும் சோறு போட்டுத்தான் அனுப்பினார். மில்லில் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அவரு நூடுல்ஸ் சாப்ட்டுட்டாருங்க" என்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி என் மேஜைக்கே வந்தார்.

"ஊட்டுச் சோத்தை யாருக்காச்சும் குடுத்துப்போடுங்க. மத்தியானம் நாம வெளிய போலாமுங்க."

அங்கே நின்றிருந்த பழனிச்சாமி அண்ணன், கொடுமுடிக்காரர், எங்கள் மேஸ்திரி, என் சோற்றுப் பாத்திரத்தை எழவு வீட்டில் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மெதுவாச் சாப்புடு கண்ணு" என்றார்.

அந்த 'மெதுவா'வில்தான் எனக்கு, காரில் போகும்போது, ஒரு யோசனை உதித்தது. கை கழுவினால்தானே சொல்வார்? கழுவாமலே இருந்துவிட்டால்?

மூங்கில் கூடையில் டிம்சம் வந்தது, கூடைக்கு நான்கு. முதலாளி அதைச் சீனாக்காரன் கொழுக்கட்டை என்றார். முள்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே எடுத்தேன். வழுவழுவென்ற மெல்லிய மாவு, உள்ளே இஞ்சி மணக்கிற கோழிக்கறி. நன்றாகத்தான் இருந்தது. தூக்குமேடைக்குப் போகும்போதும் அதன் பலகை தேக்கா என்று பார்க்கிற புத்தி எனக்கு. இரண்டாவது கூடை. நடுவில் ஃபிரைடு ரைஸ், சில்லி சிக்கன். முதலாளி ஏதோ சொல்ல வாய் திறப்பார். நான் உடனே மூன்றாவது கூடைக்குக் கையை உயர்த்துவேன். பரிமாறுகிறவர், சீனப் பட்டுச் சட்டை போட்ட உடுமலைக்காரர், கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சுடுதண்ணீரைக் கை கழுவக் கொண்டுவந்து வைத்தார். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இன்னொரு கூடை கேட்டேன். அப்புறம் இன்னொன்று.

"ஏனுங்க, இது அஞ்சாவதுங்க" என்றார் அவர்.

"பசிச்ச மனுசன் சாப்புடட்டுங்க. நீங்க கொண்டாங்க" என்றார் முதலாளி. அவர் தட்டில் ஒன்றுமே குறையவில்லை.

கூட்டம் கலைந்தது. ஒவ்வொரு மேஜையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் மேஜை விளக்கு மட்டும் மிச்சம். அதில் முதலாளியின் பாதி முகம் தெரிந்தது, மீதி இருட்டு. பத்தொன்பதாவது கொழுக்கட்டையை வாயருகே கொண்டுபோனேன். தொண்டை மாட்டேன் என்றது. கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தில் விரலை விட்டேன். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"சனிக்கெழமையோட மில்லை மூடறமுங்க" என்றார். "உங்களுக்குப் பயமில்லீங்க. எந்தம்பியோட ஃபவுண்டரில உங்க வேலைக்குச் சொல்லி வச்சாச்சுங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இருபதாவதும் இறங்கும்போல இருந்தது. அப்போதுதான் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"நாப்பத்திரண்டு பேருங்க. எல்லாத்தையும் இங்க கூட்டியாந்து சோறு போட முடியாதுங்க. எனக்குத் தெம்பில்லீங்க. நீங்கதான் சொல்லோணுமுங்க."

முதல் பெயர் பழனிச்சாமி.

வெள்ளிக்கிழமை முழுக்க மில்லில் என்னை எல்லோரும் வேலை போனவனாகப் பார்த்தார்கள். வாசல் டீக்கடையில் எனக்கு இரண்டு வடை கூடுதலாக வந்தது. நானும் வாயைத் திறக்காமல் வாங்கித் தின்றேன்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் அண்ணனை முதலில் கூப்பிட்டேன். மூன்று வார்த்தைக்கு மேல் எனக்கு வரவில்லை. அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இன்னும் எத்தனை பேருகிட்டச் சொல்லோணும் கண்ணு?"

நாற்பத்தொன்று என்றேன்.

மூலையில் இருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "குடிச்சுப்போட்டு அடுத்த ஆளைக் கூப்புடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இன்று அந்த மில்லும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. வேலை போகிற சேதி இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறதாம். சொல்கிறவன் யாரென்று தெரிவதில்லை. அவனுக்குத் தொண்டை அடைத்தால் தண்ணீர் மொண்டு கொடுக்க எதிரே ஆளும் இல்லை.