கை காட்டினாலும் நிற்காத பஸ்

போன வாரம் கோர்ட்டுக்குப் போகிற அவசரத்தில் டவுன் பஸ் ஒன்றில் தொற்றிக்கொண்டேன். டிரைவர் பிரேக் போட்டதும் கருகல் வாடை குப்பென்று வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம். வக்கீலம்மாவுக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சட்டக் கல்லூரியில் படித்தபோது, மனித உரிமையைக் களத்தில் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களில் சிலரைப் பொம்மிடிப் பக்கம் ஒரு காலனிக்கு அனுப்பினார்கள். காலையில் வருகிற பஸ் அங்கே நிற்காது. காலனிக்காரர்களோடு உட்கார மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் சிலர் சொன்னதுதான் காரணம். பஸ் நேராக ஊர் நிறுத்தத்துக்குப் போய்விடும். பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டும், பிடிக்கிற நாள் குறைவு. நர்சிங் படித்துவந்த காலனிப் பெண் சுமதிக்கு இப்படியே வருகைப்பதிவு தேய்ந்து, இனியும் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்கிற நிலை.

ஆதாரம் திரட்டக் கிளம்பினோம். புதுச் சுடிதார், தோளில் பை, கையில் செல்போன். பஸ் வந்தது, கை காட்டினோம், சமர்த்தாக நின்றது. எங்கள் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. சுமதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்க நின்னா நிக்குங்க்கா. நாளைக்கி எங்கியாச்சும் ஒளிஞ்சிக்கங்க, நாங்க நிக்கிறோம்."

மறுநாள் வேலிகாத்தான் புதருக்குள் ஒளிந்தோம். முள் எங்கெங்கே குத்தியது என்று கேட்காதீர்கள். சுமதியும் இன்னும் சில பெண்களும் கை காட்டினார்கள். பஸ் வேகம் கூட்டிக்கொண்டு போனது. நான் புதருக்குள்ளிருந்தே செல்போனில் படம் பிடித்தேன். அப்புறம் அதுவே எங்கள் வேலையானது. ஒரு நாள் நாங்கள் நிற்போம், ஒரு நாள் அவர்கள், இரண்டையும் படம் பிடிப்போம். எனக்கு அந்த நாட்களில் சோறு கூட மறந்து போனது, அவ்வளவு உற்சாகம்.

டிப்போ மேலாளரிடம் முழங்க நான் சட்டப்பிரிவுகளை உருப்போட்டு வைத்திருந்தேன். அதற்குள் சுமதி என் போனை அவர் மேசையில் வைத்துவிட்டாள்.

"இது அவங்க நின்னது சார். இது நாங்க நின்னது. பஸ்ஸும் அதேதான், டிரைவரும் அவர்தாங்க. ஏன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் காலனியிலும் நின்றுதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை டிரைவர் கை காட்டிய சுமதியைத் தாண்டப் போய், கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தார் பாருங்கள், கருகல் வாடை முகத்தில் அடித்தது. சுமதி ஏறினாள். நாங்கள் ரோட்டில் நின்று பைத்தியம் மாதிரி கை தட்டினோம். அவள் பரீட்சையும் எழுதினாள்.

அண்மையில் அந்த வழியாகப் போனேன். பஸ் வந்து நின்ற பிறகும் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் தோழியோடு பேசிக்கொண்டே ஆடி அசைந்து வந்தாள். "சீக்கிரம் வாம்மா" என்றார் கண்டக்டர். "வரேன்ல, இருங்க" என்றாள். பஸ்ஸைக் கண்டதும் ஓடத் தொடங்குகிற கால்கள் அந்தக் காலனியில் இப்போது இல்லை.